விற்பனை ஏறியது, லாபம் ஏறவில்லை: செலவை எங்கே பிடிப்பது?

கேள்வி, செப்டம்பர் 3

நடுத்தர அளவில் ஒரு உற்பத்தி நிறுவனம் நடத்துகிறேன். இந்த ஆண்டு விற்பனை 12 சதவீதம் கூடியிருக்கிறது. லாபம் போன ஆண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கணக்குப் பிரிவு மாதாமாதம் 40 பக்க அறிக்கை தருகிறது. உட்கார்ந்து படித்தால் எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை. மற்ற நிறுவனத் தலைவர்கள் நடைமுறைச் செலவை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? நான் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 3, இரவு

24 வருடம் செலவுக் கணக்கோடு இருந்தவன். முதல் 9 வருடம் அடக்கவிலை கணக்கிடும் காஸ்டிங் பிரிவில், அப்புறம் இரண்டு நிறுவனங்களில் நிதித் தலைவராக. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

40 பக்க அறிக்கையை ஓரமாக வையுங்கள். அதைப் பற்றி மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். மாதம் முடிந்து எத்தனையாவது நாள் அது உங்கள் கைக்கு வருகிறது? ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிறாரா? ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, பில் இன்னும் வரவில்லை என்ற நிலையில் எவ்வளவு நிற்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பில் வந்து, கணக்கில் ஏறி, அறிக்கையில் நீங்கள் அந்தச் செலவைப் பார்க்கும்போது அதைத் தடுக்கும் காலம் முடிந்துபோயிருக்கும். யாரோ ஒருவர் போனில் "சரி, அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னாரே, செலவு அந்த நிமிடத்தில் உண்டாகிவிட்டது. ஆள் எடுக்கக் கையெழுத்துப் போட்ட அன்று, மூன்று வருட வாடகை ஒப்பந்தம் முடிந்த அன்று, ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டலாம் என்று முடிவெடுத்த அன்று. தலைவரின் கண் அந்த இடங்களில் இருக்க வேண்டும்.

உடனடியாக ஒரு யோசனை: மூன்று மாதத்துக்கு எல்லாக் கொள்முதல் ஆர்டரும் உங்கள் மேசைக்கு வந்துவிட்டுப் போகட்டும். எங்கே ஒழுகுகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 4, காலை

அறிக்கை அடுத்த மாதம் 18ஆம் தேதி வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் 1ஆம் தேதி ஆரம்பித்த ஒரு விரயம் உங்களுக்குத் தெரிய ஏறக்குறைய 48 நாள் ஆகிறது. அதற்குள் அடுத்த மாதத்திலும் பாதிக்கு மேல் அது ஓடி முடிந்திருக்கும்.

கணக்குப் பிரிவைத் திட்டாதீர்கள். எல்லா பில்லும் வந்து, சரிபார்த்து, ஒதுக்கீடு போட்டு மாதத்தை மூட அவர்களுக்கு நாள் வேண்டும். துல்லியமான கணக்குக்கு அந்தத் தாமதம் தேவைதான். கண்காணிப்புக்கு அதை நம்பி உட்கார்ந்திருந்தால் ஆகாது, அவ்வளவே.

செப்டம்பர் 4, மாலை

"வாரத்துக்கு எதைப் பார்ப்பது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பணத்தைத் தேடாதீர்கள். எடை, மணி, யூனிட், எண்ணிக்கை. ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட் மின்சாரம். ஒரு உருப்படிக்கு எத்தனை கிலோ மூலப்பொருள். மொத்த வேலை மணியில் ஓவர்டைம் எவ்வளவு. திரும்பச் செய்த வேலை எவ்வளவு. அவசர வண்டியில் போன சரக்கு எவ்வளவு. இவற்றுக்கு பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஷிஃப்ட் முடியும்போதே மேஸ்திரியின் நோட்டில் இருக்கும்.

ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய் நிறுவனத்தின் ராக்ஃபெல்லர் ஒருமுறை மண்ணெண்ணெய் டின்களை அடைக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். ஒரு மூடிக்கு எத்தனை சொட்டு ஈயப்பற்று வைக்கிறீர்கள் என்று கேட்டார். 40 என்றார்கள். 38 வைத்துப் பாருங்கள் என்றார். சில டின்கள் ஒழுகின. 39 வைத்தார்கள், ஒன்றுகூட ஒழுகவில்லை. அன்றிலிருந்து 39தான். ஒரு சொட்டு மிச்சமானதைத்தான் எல்லோரும் இதில் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த 38. இறக்கிப் பார்த்தார், ஒழுகியதும் ஏற்றிவிட்டார். செலவைக் குறைக்கிற பல பேர் ஒழுகிய பிறகும் 38லேயே நின்றுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 6

பட்ஜெட்டையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கும் வழக்கம் பற்றி எழுத வேண்டும். உங்கள் 40 பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்கு. திட்டம்: 10,000 உருப்படி, ஒன்றுக்கு 2 கிலோ மூலப்பொருள், கிலோ விலை 50. பட்ஜெட் 10,00,000. நடந்தது: 12,000 உருப்படி, 25,200 கிலோ பிடித்தது, கிலோ 48க்கு வாங்கினோம். ஆன செலவு 12,09,600.

பட்ஜெட்டோடு நேராக ஒப்பிட்டால் 2,09,600 அதிகம். கூட்டத்தில் எல்லோரும் பதறுவார்கள். உற்பத்தி மேலாளர் "அதிகமாகச் செய்தோம், அதனால் அதிகம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. 12,000 உருப்படிக்கு நியாயமாக ஆகியிருக்க வேண்டியது 12,00,000. கூடுதல் வெறும் 9,600. ஒரு சதவீதம்கூட இல்லை. சரி, பிரச்சினை இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடத் தோன்றும்.

திருப்பாதீர்கள். அந்த 9,600ஐப் பிரித்தால் உள்ளே இரண்டு பெரிய எண்கள் இருக்கின்றன. கிலோவுக்கு 2 குறைவாக வாங்கியதில் 50,400 மிச்சம். 24,000 கிலோ பிடிக்க வேண்டிய இடத்தில் 25,200 பிடித்ததில் 60,000 நட்டம். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு 9,600ஆக நிற்கின்றன.

இதேபோன்ற ஒரு மாதத்தில், விலையைக் குறைத்ததற்காகக் கொள்முதல் பிரிவை நான் பாராட்டினேன். சேதாரம் கூடியதற்காக உற்பத்திப் பிரிவிடம் விளக்கம் கேட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒரே லாரிதான். மலிவாக வந்த சரக்கில் ஈரம் அதிகம், இயந்திரத்தில் கிழிந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் 10 நிமிடத்தில் தெரிந்திருக்கும். தனித்தனியாகக் கேட்டதால் எனக்கு இரண்டு மாதம் ஆனது.

செப்டம்பர் 6, பின்னர்

கணக்கைச் சரிபார்த்தவருக்கு நன்றி. நேர் ஒப்பீட்டில் 2,06,900 என்று எழுதியிருந்தேன். 2,09,600தான் சரி, மேலே மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 9

3ஆம் தேதி கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "எல்லாக் கொள்முதல் ஆர்டரும் உங்கள் மேசைக்கு" என்றது. இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நானே செய்து பட்டது அது. எழுதும்போது ஏன் ஞாபகம் வரவில்லை என்று தெரியவில்லை.

முதல் நிறுவனத்தில் நிதித் தலைவராக வந்த புதிதில் அந்த உத்தரவைப் போட்டேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வாங்கக் கூடாது. முதல் மாதம் செலவு நன்றாகக் குறைந்தது. இயக்குநர்கள் கை கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு பேரிங் வேண்டும் என்று சீட்டு வந்தது. நான் தணிக்கை வேலையில் மூழ்கியிருந்தேன். சீட்டு 9 நாள் என் மேசையில் கிடந்தது. பேரிங் உடைந்து, அதோடு தண்டும் போய், அந்த வரிசை நான்கு நாள் நின்றது. பேரிங்கையும் தண்டையும் விமானத்தில் வரவழைத்தோம். தாமதத்தை ஈடுகட்ட மூன்று வாரம் ஓவர்டைம் ஓடியது.

பராமரிப்பு மேலாளர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சீட்டின் நகலை மட்டும், தேதி தெரியும்படி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அதை நினைத்தால் முகம் சூடாகிறது.

அந்த ஓவர்டைம் கூலிக் கணக்கிலும், விமானச் சரக்கு போக்குவரத்துக் கணக்கிலும் ஏறியது. என் உத்தரவு மிச்சப்படுத்தியது கொள்முதல் கணக்கில் தெரிந்தது. அறிக்கையைப் படித்தால் நான் நல்ல வேலை செய்ததாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 10

"அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா?" வேண்டும். இடம்தான் வேறு. நான் அப்புறம் செய்தது இது.

ஒவ்வொரு செலவு வரிக்கும் ஒருவர் பெயர். இரண்டு பேர் பெயர் போட்டால் யாருடையதும் இல்லை. ஒப்புக்கொண்ட வரம்புக்குள் அவரே முடிவெடுப்பார், என்னிடம் கேட்க வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே ஒரு பட்டியல் என்னிடம் வரும்: ஆர்டர் கொடுத்து பில் வராத எல்லாம், பெயரோடு. பில்லுக்குப் பணம் போக மூன்று தாள் பொருந்த வேண்டும்: ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில். பொருந்தாததை மட்டும் மனிதர் பார்க்க வேண்டும், பொருந்தியது தானாகப் போகட்டும்.

வரம்பு வைத்தால் அதற்குக் கீழே ஒரு கூட்டம் சேரும். 50,000 வரை தானே போடலாம் என்றால் 49,500, 48,900, 49,800 என்று ஆர்டர்கள் வரும். ஒரே வியாபாரி, அடுத்தடுத்த நாள். பட்டியலை வியாபாரி வாரியாக அடுக்கினால் உடனே தெரிந்துவிடும். நான் பார்த்த வரையில் இதில் திருட்டு குறைவு. காத்திருக்க முடியாத ஆள் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் அதிகம். முதலில் ஏன் என்று கேளுங்கள்.

செப்டம்பர் 13

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு யோசிக்க வேண்டாம், எல்லாப் பிரிவிலும் 10 சதவீதம் வெட்டுங்கள், தானாகச் சரியாகும்."

நானும் செய்திருக்கிறேன். பட்ஜெட்டில் ஏற்கெனவே 15 சதவீதம் காற்றடைத்து வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி கேட்டிருந்தவர் பயிற்சியையும் உதிரிபாகத்தையும் வெட்டினார். அடுத்த வருடம் அவரும் காற்றடைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டார். அந்த நிறுவனத்தில் யாருடைய எண்ணையும் அதன் பிறகு என்னால் நம்ப முடியவில்லை. வெட்டில் மிஞ்சியதைவிட அந்த நம்பிக்கை எனக்குப் பெரிது.

அமெரிக்காவில் மின்னணுப் பொருள் விற்ற சர்க்கிட் சிட்டி நிறுவனம் 2007 மார்ச்சில் கடை ஊழியர்கள் சுமார் 3,400 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அவர்களிடம் அது சொன்ன காரணம், அந்த வேலைக்குச் சந்தை தருவதைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது. பொருளைத் தெரிந்து விற்றவர்கள் பலர் அதில் இருந்தார்கள். 2008 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது, 2009இல் கடைகளை மூடியது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, அந்த வருடப் பொருளாதாரம் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சம்பள வரியை மட்டும் பார்த்து எடுத்த முடிவு விற்பனை வரியில் என்ன செய்யும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

செப்டம்பர் 14

பூஜ்ய அடிப்படை பட்ஜெட் பற்றிக் கேட்டவருக்கு.

போன வருடச் செலவோடு ஐந்து சதவீதம் சேர்த்துக் கேட்பதுதான் வழக்கம். அதை விட்டு, ஒவ்வொரு செலவும் பூஜ்யத்திலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது இந்த முறை. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பிர் இதை உருவாக்கினார். 1970இல் அவர் அதைப் பற்றி எழுதியதைப் படித்து, ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் தன் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க அதிபரானதும் 1977இல் மத்திய அரசுக்கும். அங்கே தாள்கள் மலையாகக் குவிந்தன. அடுத்த ஆட்சி அதைக் கைவிட்டது.

கம்பெனிகளில் இந்தக் காலத்தில் அதை முழு வேகத்தில் ஓட்டியவர்கள் 3ஜி கேப்பிடல் முதலீட்டாளர்கள். 2015இல் உணவு நிறுவனங்களான கிராஃப்டும் ஹெய்ன்ஸும் இணைந்தபோது செலவு வேகமாக இறங்கியது, லாப விகிதம் ஏறியது, எல்லோரும் வியந்தார்கள். 2019 பிப்ரவரியில் அதே நிறுவனம் தன் பிராண்டுகள் உள்ளிட்ட சொத்துகளின் மதிப்பில் 15.4 பில்லியன் டாலரைக் குறைத்து எழுத வேண்டியிருந்தது. பிராண்டுகளைப் போதுமான அளவு வளர்க்காமல் செலவைக் குறைத்தார்கள் என்பது அப்போது எழுந்த முக்கியமான விமர்சனம்.

முறையை நான் குறை சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு பிரிவு என்று சுழற்சியாக எடுத்துச் செய்தால் அருமையான பலன் தரும். எங்கள் நிர்வாகப் பிரிவில் செய்தபோது, மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் மென்பொருள் சந்தா ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. எல்லாப் பிரிவிலும் ஒரே வருடத்தில் செய்தால் மேலாளர்கள் வேலையை விட்டுவிட்டு நியாயம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் 14, இரவு

சந்தா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களை முடிவுத் தேதிப்படி அடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கடைசித் தேதிப்படி அடுக்குங்கள். 90 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தால், டிசம்பர் 31இல் முடிகிற ஒப்பந்தத்துக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே கதவு மூடிவிடும்.

செப்டம்பர் 17

இங்கே ஒருவர் போகிற போக்கில் சொன்னதை அப்படியே விட்டுவிட மனமில்லை. "செலவு அதிகமாகத் தெரிந்தால் கொஞ்சத்தைச் சொத்துக் கணக்கில் போட்டால் லாபம் சரியாகிவிடும்."

வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் செய்தது இதுதான். மற்ற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்த மாதாமாதம் கொடுத்த கட்டணம் பச்சையான நடைமுறைச் செலவு. அதை மூலதனச் செலவாக எழுதிச் சொத்தில் ஏற்றினார்கள், அந்த வருடச் செலவு குறைந்து லாபம் கூடித் தெரிந்தது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைத் தோண்டி எடுத்தது. 2002 ஜூனில் 3.8 பில்லியன் டாலர் என்று வெளியே வந்தது. முழுக்கக் கிளறியபோது முறைகேடு 11 பில்லியனைத் தொட்டது. நிதித் தலைவரும் நிர்வாகத் தலைவரும் சிறைக்குப் போனார்கள்.

உங்கள் நிறுவனத்தில் அந்த அளவுக்கு நடக்காது. சின்ன அளவில் நடக்கும். பழுதுபார்த்த பில் "இயந்திர மேம்பாடு" ஆகும். மாதக் கடைசியில் வந்த பில் அடுத்த மாதம்வரை மேசை இழுப்பறையில் தூங்கும். ஒரு மாதம் நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் மோசமாக இருக்கிறது, மறுபடி நன்றாக இருக்கிறது என்று செலவு ஆடினால் தொழிலில் தேடுமுன் இழுப்பறையில் தேடுங்கள். செலவு அதிகம் என்று சொன்னவரைத் திட்டுகிற தலைவருக்கு உண்மையான எண் வந்து சேராது. இதை நான் ரொம்ப உறுதியாகச் சொல்வேன்.

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எண்கள் கொடுத்திருக்கிறார். படித்துவிட்டு ஒரு மணி நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். 6ஆம் தேதி நான் பாடம் எடுத்தது அவருக்குப் பொருந்தவே இல்லை.

விற்பனை 12 சதவீதம் கூடியது. விலை மாறவில்லை, ஆகவே எடையும் அதே அளவுதான் கூடியிருக்கும். ஆனால் ஆர்டர்களின் எண்ணிக்கை 40 சதவீதம் கூடியிருக்கிறது. 112ஐ 140ஆல் வகுத்தால் 0.8. சராசரி ஆர்டரின் அளவு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது.

எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடியதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் இயந்திரத்தைக் கழுவி மாற்றிப் பொருத்த வேண்டும், முதல் சில உருப்படிகள் சேதாரம், தனியாக ஒரு பில், தனியாக ஒரு வண்டி, தனியாக ஒரு வசூல் போன். 12 சதவீதத்தோடு ஓட வேண்டிய செலவுகள் 40 சதவீதத்தோடு ஓடுகின்றன. உற்பத்தி அளவுக்குத் தக்கபடி பட்ஜெட்டை நீட்டிப் பாருங்கள் என்று நான் சொன்னேன். நீட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கூடுதல் எல்லாம் சேதாரம் என்று ஒரு தலைப்பிலும், ஓவர்டைம் என்று இன்னொரு தலைப்பிலும் சிதறித்தான் தெரிந்திருக்கும். மேஸ்திரிகள்தான் திட்டு வாங்கியிருப்பார்கள்.

1772இல் கடன் நெருக்கடி வந்து பீங்கான் விற்பனை படுத்தபோது இங்கிலாந்தின் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் தன் கணக்குகளை முதல்முறையாக உட்கார்ந்து குடைந்தார். அச்சு, மாதிரி, வாடகை, குமாஸ்தா கூலி எல்லாம் சரக்கு அதிகமாகச் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் கடிகாரம்போல ஓடுகின்றன என்று கண்டார். ஒரு வடிவத்தை நிறையச் செய்தால்தான் அது தாங்கும். தலைமைக் குமாஸ்தா பணம் கையாடியதும் அந்தக் குடைச்சலில்தான் வெளியே வந்தது. 250 வருடத்துக்கு முன் அவர் பிடித்ததை உங்கள் எண்களைப் பார்க்கும்வரை நான் தவறவிட்டேன்.

செப்டம்பர் 22

எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள். ஒரு இயந்திரத்தோடு தொடங்குங்கள். மாற்றிப் பொருத்த ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 ஆர்டர் என்றால் 150 மணி. 140 என்றால் 210 மணி. கூடுதல் 60 மணி. அது எங்கிருந்து வந்தது? ஓவர்டைம் பதிவைத் திறந்து பாருங்கள்.

1980களில் பேராசிரியர்கள் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் சொன்னது இதுதான்: எந்த ஒரு பொருளோடும் நேராகச் சேராத மேற்செலவை உற்பத்தி அளவைப் பார்த்துப் பங்கிடாதே, அதை உண்டாக்குகிற வேலையைப் பார்த்துப் பங்கிடு. எல்லா வேலைக்கும் இதைச் செய்யப் புறப்பட்டால் கணக்கு எடுப்பதே ஒரு தனிச் செலவு. நான் பணிபுரிந்த இடத்தில் 140 வகை வேலைகளைப் பட்டியலிட்டு, ஒன்றரை வருடம் உழைத்து, எண்கள் தயாரானபோது தொழிலே மாறிப்போயிருந்தது. நான்கு போதும்: பொருத்தல், அனுப்புதல், பில் போடுதல், திருப்பி வந்ததைக் கையாளுதல்.

அப்புறம் ஒன்று. ஒரு நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள். டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் நின்று பார் என்று மேலாளர்களை மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பாராம். ஒன்றரை மணியில் எவ்வளவு நேரம் கை வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் ஸ்பேனர் தேடுகிறது என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

செப்டம்பர் 26

"சின்ன ஆர்டர்களை நிறுத்திவிடலாமா?"

அவசரப்படாதீர்கள். இரண்டாவது நிறுவனத்தில் ஒரு பொருள் நட்டத்தில் போகிறது என்று எங்கள் அறிக்கை சொன்னது. நிறுத்தினோம். அதன் மீது ஏற்றியிருந்த வாடகையும் மேலாளர் சம்பளமும் எங்கும் போகவில்லை, மற்றப் பொருள்களின் தலையில் ஏறின. அடுத்த வருடம் இன்னொரு பொருள் நட்டத்தில் தெரிந்தது. அதையும் நிறுத்தலாம் என்று பேச்சு வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். எதை நிறுத்தினால் எந்தப் பணம் உண்மையிலேயே வெளியே போகாமல் நிற்கும் என்று எழுதிப் பாருங்கள். உங்களிடம் நிற்பது ஓவர்டைமும், சேதாரமும், வண்டி வாடகையும். ஆள் சம்பளம் நிற்காது.

முதலில் ஒரே வகைப் பொருளுக்கு வரும் சின்ன ஆர்டர்களை வாரத்தில் இரண்டு நாளுக்குச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதன் பிறகும் தாங்காதவற்றுக்குப் பொருத்தல் கட்டணம் வையுங்கள். இன்று சின்னதாக வாங்குகிறவர்களில் யார் வளர்கிறார் என்று விற்பனைப் பிரிவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அந்த விஷயத்தில் கணக்குக்காரன் பேச்சை, என் பேச்சையும் சேர்த்து, முழுதாக நம்ப வேண்டாம்.

அக்டோபர் 11

மூன்றாவது வாரமும் பொருத்தல் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டிலும் சொன்னேன். ஸ்பேனர் தேடுகிற நேரம் 25 நிமிடம் என்று நீங்களே நின்று பார்த்து எழுதியது இந்த உரையாடலிலேயே எனக்குப் பிடித்த வரி.

அவசர வண்டி மட்டும் குறையவில்லை என்கிறீர்கள். போக்குவரத்து மேலாளரைக் கூப்பிட்டுப் பேசியும் அவர் சரியான பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பதில் இருக்காது. சரக்கு அவர் கைக்கு வரும்போது தேதி ஏற்கெனவே போயிருக்கும். உங்கள் விற்பனை ஆட்களுக்கு ஊக்கத்தொகை எதைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்? விற்ற தொகையை மட்டும் பார்த்து என்றால், "வியாழக்கிழமையே தருகிறோம்" என்று சொல்லி ஆர்டர் பிடிப்பதில் அவர்களுக்குச் செலவே இல்லை. வண்டி வாடகை வேறு ஒருவர் பெயரில் விழுகிறது.

இது என் ஊகம். 9ஆம் தேதிக்குப் பிறகு என் ஊகத்தை நம்பி யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு, அவசர வண்டியில் போகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் மூன்று விவரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டெலிவரித் தேதியை யார் சொன்னார். சொல்லுமுன் உற்பத்தியிடம் கேட்டாரா. சேர்த்து ஓட்டுவதற்காக நாம் நிறுத்தி வைத்ததால் தாமதமானதா. மூன்றாவது எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் சேர்த்து ஓட்டுங்கள் என்று சொன்னவன் நான். அதில் "ஆம்" அதிகமாக வந்தால் வாரத்தில் இரண்டு நாளை மூன்றாக்க வேண்டியிருக்கும். எழுதியதை இங்கே போடுங்கள், பார்ப்போம்.